நிலா, அப்பளம், மைத்துனர்

நேற்று இரவு ஆறிப்போன மீன்தலைக் கறி சாப்பிட்டேன். கடைக்காரர் மேல் குற்றமில்லை. அவர் கொதிக்கக் கொதிக்கத்தான் ஊற்றிக் கொடுத்தார். மூன்றாவது வரி வரவில்லை, அவ்வளவுதான்.

"மாமா, தொடாதீங்க, ஒரு நிமிஷம்!" என்று மைத்துனர் என் கையைப் பிடித்துக்கொண்டார். படம் எடுப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஹைக்கூ அப்படியில்லை. முதல் இரண்டு வரி குழம்பைப் பார்த்ததும் வந்துவிடும். மூன்றாவதுக்கு மட்டும் கூரையைப் பார்க்க வேண்டும். ஜார்ஜ்டவுன் மாமாக் கடைக் கூரையில் ஒரு காற்றாடியும் அதன் இறக்கையில் பல வருடத்துத் தூசியும்தான் உண்டு. அங்கிருந்து கவிதை இறங்கி வருவதற்குள் குழம்பின் மேல் எண்ணெய் உறைந்து ஏடு கட்டிவிட்டது. மேசையில் வேறு யாரும் முணுமுணுக்கவில்லை. அவரவர் மூன்றாவது வரியை அவரவர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் எழுதுகிறவர்தான். செண்டோலைப் பற்றி நீங்கள் அனுப்பியது எனக்கு வந்து சேர்ந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஹைக்கூ எழுத ஒரே ஒரு விதிதான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குமுன் இந்த நிலா விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

முதலில் அப்பளம் நிலாவானது. போகட்டும், வட்டம், வெளுப்பு, மேடுபள்ளம், எல்லாம் பொருந்துகிறது. அடுத்து இட்லி நிலாவானது. பிறகு ரொட்டி சானாய், "கல்லில் புரளும் நிலா". ஆப்பம், ஒளிவட்டம் கட்டிய நிலா. உப்பு முட்டையைக் குறுக்கே வெட்டி வைத்தார்கள், அரை நிலா. தோசையைப் பாதி தின்று மீதி வைத்தால் பிறை. லிட்டில் இந்தியாவில், பாசார் தெருவில் உளுந்து வடை வாங்கினோம். நடுவில் ஓட்டை இருக்கிறதே, இதில் மாட்டிக்கொள்வார் என்று எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம். "நிலாவைத் துளைத்த விரல் யாருடையது?" என்றார். வடை என் தொண்டையில் நின்றது. முர்தாபாக் சதுரமாயிற்றே என்று ஒருநாள் நானே வாயைக் கொடுத்தேன். உடனே வந்தது:

சதுரமாகவும்
தேய்கிறது நிலா
வெங்காய ஊறுகாயோடு

கூம்பாக நிமிர்ந்து நிற்கும் ரொட்டி டிஷ்யூ நிலாவுக்குப் போகும் ஏணியாம். கெங் குவீ தெருவில், 1936இலிருந்து தியோச்சியூ செண்டோல் விற்கும் அந்தச் சந்தில், கூட்டத்துக்கு நடுவே நின்றபடி கிண்ணத்தைப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று மாவு நெளிகிறது, கருப்பட்டி நிறத்தில் குலா மெலாக்கா, தேங்காய்ப்பால், சிவப்பு அவரை. இதில் எங்கே ஐயா நிலா? "கிண்ணம் வட்டம்தானே மாமா" என்றார். அன்றைக்குத்தான் நிலைமை புரிந்தது. தட்டு வட்டமாக இருக்கிறவரை இந்தத் தீவில் எந்தப் பண்டமும் தப்பாது. அப்படியானால் வாழையிலைக் கடைக்குப் போவோம், இலை நீளம், பார்த்துவிடலாம் என்று கூட்டிப்போனேன். உட்கார்ந்ததும் அப்பளம் வைத்தார்கள்.

நிலா ஓய்ந்தால் 'நீ' வருவாள். போன மாதத்துப் படைப்பு ஒன்று:

வெண்டைக்காய் குழைந்தது
டால்சா ஆறியது
நீ மட்டும் வரவில்லை

யார் இந்த நீ? அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார். டால்சா ஏன் ஆறியது என்பதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

விதிக்கு வருகிறேன். சாப்பாட்டை ஹைக்கூவில் ஏற்றுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. நவீன ஹைக்கூவை நிலைநிறுத்திய மசவோகா ஷிகி பெரிய சாப்பாட்டுப் பிரியர். முதுகெலும்பில் காசநோய் கண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும், மூன்று வேளையும் என்ன தின்றோம் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தவர். 1902இல், 35 வயது நிறைவதற்குள் போய்விட்டார். அவருடைய ஆகப் பிரபலமான ஹைக்கூ பெர்சிமன் பழத்தைப் பற்றியது. நாம் சந்தையில் பிசாங் காக்கி என்று கேட்டு வாங்குவோமே, அதுதான். பழத்தைக் கடிக்கிறார், ஹோர்யூஜி கோயில் மணி அடிக்கிறது. வரிசையைக் கவனியுங்கள். கடித்தது முதலில்.

நம் பக்கத்தில் 1916இலேயே பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிவிட்டார். அவர் வியந்தது அதன் சுருக்கத்தை. சுருக்கமாக இருப்பதால் நிறைய எழுதலாம் என்று நாம் புரிந்துகொண்டோம். 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்' தொகுப்பு வந்தது. பிறகு ஊருக்கு ஊர் தொகுப்பு, ஞாயிறு பதிப்புக்கு ஞாயிறு பதிப்பு மூலைக்கு மூலை மூன்று வரி. ஒரு வாக்கியத்தை எடுத்து இரண்டு இடத்தில் உடைத்தால் ஹைக்கூ என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ரொட்டி சானாயைக்கூட அடித்துப் பிய்த்துப்போட ஒரு பக்குவம் வேண்டும்.

இன்னொன்று. ஹைக்கூவில் பருவத்தைக் குறிக்கும் சொல் ஒன்று இருக்க வேண்டும் என்பது ஜப்பானியர் மரபு. பினாங்கில் பருவத்துக்கு எங்கே போவது? வெயில், மழை, மழைக்குப் பிறகு வெயில். ஆண்டின் நடுவில் பாலேக் பூலாவிலிருந்து டுரியான் இறங்குகிற மாதங்களை வேண்டுமானால் பருவம் எனலாம். அதுவும் மூக்குக்குத்தான் தெரியும். மற்றபடி நம் ஆட்கள் எழுதுவதெல்லாம் சென்ரியு கணக்கில்தான் வரும். 18ஆம் நூற்றாண்டில் கராய் சென்ரியு என்பவர் தொகுத்துப் பேர் பெற்ற வகை அது. பருவம் வேண்டாம், மனிதர்களின் அசட்டுத்தனம் இருந்தால் போதும். தமிழில் ஈரோடு தமிழன்பன் 'ஒரு வண்டி சென்ரியு' என்று ஒரு தொகுப்பே போட்டார். தலைப்பைக் கேட்டதும் கர்னி டிரைவில் பசெம்போர் வண்டி தள்ளிக்கொண்டு வருவதாகத்தான் எனக்குத் தோன்றியது.

ஐந்து, ஏழு, ஐந்து என்று அசை எண்ணி எழுதுவதை நம்மவர்கள் எப்போதோ கைவிட்டார்கள். எண்ணத் தேவையில்லாமலே ஒருவர் அதைச் செய்கிறார். மாமாக் கடையில் தண்ணி எடுக்கிற தம்பி. நேற்று எங்கள் மேசையிலிருந்து உள்ளே பார்த்து அவர் போட்ட சத்தம் இது:

தே ஓ ஐஸ் லிமாவ்
தே தாரிக் குராங் மானிஸ்
நெஸ்கஃபே பானாஸ்

விரல் விட்டு எண்ணுங்கள். தே, ஓ, ஐஸ், லி, மாவ். ஐந்து. நடுவரி ஏழு, கடைசி மறுபடி ஐந்து. குளிர்ச்சியில் தொடங்கிச் சூட்டில் முடிகிறது. நிலா இல்லை, நீ இல்லை. கூரையையும் பார்க்கவில்லை. அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அதை எழுதிக்கொள்ள என் மைத்துனருக்குத் தோன்றவில்லை. "சத்தம் தாங்கல மாமா, யோசிக்கவே முடியல" என்றார்.

நாசி கண்டார் யோசிப்பதற்காகப் பிறந்த சாப்பாடே இல்லை. தோளில் தண்டு, இரண்டு முனையிலும் பாத்திரம், ஒன்றில் சோறு, ஒன்றில் கறி. அந்தக் காலத்தில் நம் தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத்துக்கே சுமந்துபோய் விற்றார்கள். வாங்கியவர் தின்றுவிட்டு மூட்டை தூக்கப் போனார். கவிதைக்காகக் காத்திருந்தால் கப்பல் போயிருக்கும். கேம்பல் தெருவில் ஹமீதியா 1907இலிருந்து இருக்கிறது. இத்தனை வருடமாக அந்தத் தெருவில் வரிசையில் நின்றவர்கள் யாரும் பருவச்சொல் தேடி நின்றவர்கள் அல்ல. இப்போதும் கரண்டி பிடிப்பவரைப் பாருங்கள். சோறு விழுந்ததும் கரண்டி முதுகால் ஒரு தட்டு. கோழிக் குழம்பு ஒரு கரண்டி, மீன் குழம்பு ஒரு கரண்டி, அதன்மேல் இறைச்சிக் குழம்பு. "பாஞ்சிரா?" என்பார். வெள்ளமாக ஊற்றவா என்று அர்த்தம். தலையை ஆட்டினால் முடிந்தது. கலந்த குழம்பு சோற்றுக்குள் இறங்குகிற நேரம் கொஞ்சம்தான். அதற்குள் வாயில் வைத்தவனுக்குத்தான் அது நாசி கண்டார். தாமதித்தவனுக்கு நனைந்த சோறு.

அந்த விதியைச் சொல்வதற்கு முன் இடம் முடிந்துவிட்டது. அவசரமாக ஒன்று மட்டும்: மீன்முட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும், போனதும் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். சூடாகத் தின்னுங்கள். கை கழுவி, காசு கொடுத்து, வீட்டுக்குப் போய் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.