துப்பாக்கி எதுக்குடா பேராண்டி?

கவுதாரிக் கறி வேணுமாமே உனக்கு? "தாத்தாவுக்குக் கண்ணி வெக்கத் தெரியும், கேட்டுச் சொல்லு"ன்னு பாட்டிகிட்டத் தூது விட்டிருக்கியாம். நேரா கேக்க வெக்கமா? வா, திண்ணையில உக்காரு.

நான் பாண்டிச்சேரி ஏ.எஃப்.டி. மில்லுல தறி ஓட்டுனவன். 1898-ல ஆரம்பிச்ச மில்லு, 2020-ல பூட்டிட்டாங்க. வாரம் பூரா சங்குச் சத்தத்துல எழுந்திரிப்பேன். ஞாயித்துக்கிழமை வானூர்ப் பக்கம் மாமனார் ஊருக்குப் போனா, கவுதாரிதான் எழுப்பும். முந்திரித் தோப்போரம் ஒண்ணு 'கெதீத்தர், கெதீத்தர்'னு ஆரம்பிக்கும். பனை மேட்டுலேருந்து இன்னொண்ணு பதில் குடுக்கும். கண்ணி வெக்கிறவன் இதைத்தான் புடிச்சுக்கிட்டான். வளத்த கவுதாரி ஒண்ணைக் கூண்டுல போட்டுப் புதருக்குள்ள வெச்சிடுவான். அது கத்துனா, 'எவன்டா என் எடத்துல'ன்னு காட்டுச் சேவல் வரிஞ்சு கட்டிக்கிட்டு ஓடியாரும். கூண்டைச் சுத்தித்தான் கண்ணி. ரோஷத்துல மாட்டுற ஜாதி. ஸ்டேட்டஸ்ல எவனோ திட்டுனான்னு நீ பைக்கை எடுத்துக்கிட்டுப் போவியே, அந்த மாதிரி.

இப்ப அது ஆவாது ராசா. 1972-ல போட்ட காட்டுயிர்ச் சட்டம், 2022-ல திருத்தி இன்னும் முறுக்கிட்டாங்க. மூணு வருஷம் வரைக்கும் உள்ள, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். நாக்கு ஊறுச்சுன்னா பண்ணையில வளக்குற ஜப்பான் காடை வாங்கித் தின்னு.

ஆனா கவுதாரியையே ஒழிச்சுக் கட்டணும்னா, அதுக்குக் கண்ணியும் வேணாம், துப்பாக்கியும் வேணாம். வழி நான் சொல்றேன். உங்கப்பன் வானூர்ப் பக்கம் வாங்கிப் போட்ட மனையை நாளைக்கு ஜே.சி.பி. விட்டு வழிக்கப் போறியாமே, அதுவே போதும். கவுதாரி மரத்துல கூடு கட்டாது. புல்லடியில லேசாப் பள்ளம் பறிச்சு, நாலுலேருந்து எட்டு முட்டை வரைக்கும் போட்டுட்டு ஒண்டிக்கிட்டுக் கெடக்கும். குஞ்சு பொரிச்ச அன்னிக்கே ஓடும். கரையானும் பூச்சியும் பொறுக்கும். ராத்திரி முள்ளு மரத்துல அடையும். அதனால கிளுவை வேலியைப் புடுங்கிட்டுக் கம்பி கட்டு. காரை, களா, சூரை ஒண்ணையும் விடாத. கரையான் புத்துக்கு மருந்து ஊத்து. மனை பாத்தா முழுக்கை சட்டை போட்ட மாப்பிள்ளையாட்டம் சுத்தமா இருக்கும். ஒரு தோட்டா செலவில்ல, ஒரு கேசும் இல்ல.

அமெரிக்காக்காரனுக்கு இந்த சாமர்த்தியம் பத்தல பாவம். அங்க ஃபெசன்ட்னு ஒண்ணு. நம்ம கவுதாரி, காடை, மயிலுக்கெல்லாம் பங்காளி. 1880-கள்ல சீனாவுலேருந்து கொண்டுபோயி விட்டது. இன்னிக்கும் சுட்டுத்தான் திங்கிறான். ஆனா வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மேல நூத்துக்குப் பதினொண்ணு வரி. 1937-லேருந்து அந்தக் காசு காட்டுயிருக்குன்னே போவுது. 1985-லேருந்து நெலத்தை உழாமப் புல்லா விட்டு வெக்கிற சம்சாரிக்குக் கவர்மெண்டே பணம் குடுக்குது. சுடுறவன் காசுல புதர் வளருது! நாம ஜீவகாருண்யக்காரங்க. பறவையைத் தொடமாட்டோம், அது படுக்குற எடத்தை மட்டும் வழிச்சிடுவோம்.

நம்ம பக்கம் கொஞ்சம் காடு மிச்சம் கெடக்குறதுக்கும் ஒரு காரணம் உண்டு. புத்துப்பட்டு அய்யனார் காட்டைப் பாத்திருக்க இல்ல? அது நிக்கிறது சட்டத்துக்குப் பயந்தா? அய்யனார் குதிரைக்குப் பயந்துடா. உன் மனையிலயும் ரெண்டு மண்குதிரை நிறுத்தி வெக்கலாமான்னு யோசிக்கிறேன்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கேசு இல்லன்னு சொன்னேனே, அது பொய்யி. அந்தக் காட்டுயிர்ச் சட்டத்துல வேட்டைன்னா சுடுறது மட்டும் இல்ல. பறவை முட்டையை உடைக்கிறதும், கூட்டைக் கலைக்கிறதும் வேட்டைதான். சித்திரையிலேருந்து ஆவணி வரைக்கும் கவுதாரி முட்டை வெக்கிற காலம். இது ஆனி மாசம். மேக்கால வேலியோரப் புதரையாவது புரட்டாசி பொறக்குற வரைக்கும் விட்டுவை. ஜே.சி.பி.காரனுக்கு இப்பவே போனைப் போடு, அவன் காலையில ஆறு மணிக்கே வந்து நிப்பான்.