நூறு டாலர் புராணம்: சர்வர் படலம்

2005 நவம்பர், துனிஸ் நகரம். தகவல் சமூகம் பற்றிய ஐ.நா. உச்சி மாநாட்டில் எம்.ஐ.டி. பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பச்சை மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தார். விலை நூறே டாலர். கரண்ட் இல்லாத ஊரா? கைப்பிடியைச் சுற்றுங்கள், ஓடும் என்றார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் ஆசையாகச் சுற்றினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

எம்.ஐ.டி. பேராசிரியர்களுக்குச் சகுனம் பார்க்கிற வழக்கமில்லை. வேலை தொடர்ந்தது. கைப்பிடி காணாமல் போனது, விலை இருநூறு டாலரை எட்டிப்பார்த்தது.

கணினிக்குள் இருந்த ‘சுகர்’ மென்பொருள் மட்டும் நிஜமாகவே அழகு. அதில் ‘அக்கம்பக்கம்’ என்று ஒரு திரை. கணினி வைத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அதில் ஒரு குட்டி வண்ண பொம்மை. பொம்மையைத் தொட்டுக் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒரே கட்டுரையை எழுதலாம், ஒரே படத்தைக் கிறுக்கலாம். மேடையில் கைதட்டல் வாங்கியது ‘மெஷ்’: கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளுமாம், நடுவில் தரகர் கிடையாதாம். ஏழெட்டுப் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்தால் பேசும்தான். ஒரு வகுப்பே சேர்ந்து திறந்தால்? ரேஷன் கடை வாசல்.

ஆகவே தரகர் வந்தார். பெயர் ஈஜாபர்டி. அலெக்ஸி ஷ்செபின் 2002-இல் தொடங்கிய செய்தி சர்வர். எழுதிய மொழி எர்லாங். அந்த மொழியை எரிக்சன் நிறுவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவாக்கியது. மூன்றாம் வகுப்பில் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்ல அந்த சர்வரை உட்கார வைத்தார்கள்.

ஈஜாபர்டி பேசும் செய்தி நெறிமுறையின் பெயர் ஜாபர். ஜாபர் உலகம் மரியாதை பார்க்கும். நண்பராகலாமா என்று கேட்க வேண்டும், எதிராளி சம்மதிக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை முந்நூறு பேருக்கு விண்ணப்பம் போடுமா? ‘எல்லாருக்கும் எல்லாரும் நண்பர்’ என்று சர்வரிலேயே எழுதிவிட்டார்கள். பாஸ்வேர்டும் கேட்பதில்லை, கணினி வந்து கதவைத் தட்டினால் கணக்குத் தயார்.

சமத்துவம் நல்லதுதான், கணக்கு உதைத்தது. முப்பது பேர் உள்ளே வந்தால் ‘இன்னார் வந்தாச்சு’ என்று 870 அறிவிப்பு. முந்நூறு பேர் வந்தால் 89,700. முதல் மணி அடித்ததும் சர்வருக்கு மூச்சு வாங்கும். போதாக்குறைக்கு, என்றைக்கோ ஒருநாள் தலைகாட்டிவிட்டுப் போன பிள்ளையும் பட்டியலை விட்டு நகராது. இதற்கென்றே ஈஜாபர்டியைப் பிரித்து, ‘இப்போது இருப்பவர் மட்டும்’ என்று ஒரு ஒட்டுப் போட்டார்கள்.

அதுவும் போதவில்லை. பிறகு மூடுல் என்ற வகுப்பு மேலாண்மை மென்பொருளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தந்த வகுப்புக்கு அந்தந்தப் பிள்ளைகள் மட்டும் தெரிகிற மாதிரி பிரித்தார்கள். வாத்தியாரும் வகுப்பறைச் சுவரும் இல்லாமலே பிள்ளைகள் தாமாகக் கற்றுக்கொள்வார்கள் என்று கிளம்பிய திட்டத்தின் சர்வரில், 2009 வாக்கில், வருகைப் பதிவேடு தயார்.