தேய்ந்த நீலம்

கேள்வி: அமெரிக்காவில் பழைய கோல்ட் (Colt) ரிவால்வர் வைத்திருப்பவர்கள், நீல நிறம் வெளுத்த பிறகும் புது மெருகு போட மறுக்கிறார்களே, ஏன்?

பதில்: அந்த நீலம் பெயின்ட் அல்ல, எஃகின் மேல் உண்டாக்கிய மெல்லிய ஆக்சைடு படலம். மறுபடி ஏற்ற வேண்டுமானால் முதலில் எஃகையே தேய்க்க வேண்டும். 1873-இல் வந்த 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' என்ற கோல்ட் ரிவால்வரின் உடலில் காப்புரிமைத் தேதிகள் பொறித்திருக்கும். பாலிஷ் சக்கரம் பட்டால் அவை மங்கும், விளிம்புகள் மழுங்கும், சந்தை விலையும் சரியும். பாட்டியின் முகச் சுருக்கத்துக்கு யாராவது இஸ்திரிப் பெட்டியைத் தேடுவார்களா? தோலுறையில் உரசி உரசி வெளுத்த குழல் முனைதான் எனக்கு அதன் அழகே. துரு பரவாமல் எண்ணெய் தடவினால் போதும். முன்பே எவரோ தேய்த்து, நிக்கல் பூசிக் கெடுத்திருந்தால் மட்டும் தாராளமாக மெருகேற்றலாம்.