எதையும் கேட்காத பயிர்

மலைவேம்பைப் போல ஒரு பயிரைக் கொங்கு நாடு இதுவரை கண்டதில்லை. முதல் இரண்டு வருசம் தண்ணீரும் கொஞ்சம் கவனிப்பும் கொடுத்து, பக்கக் கிளைகளைக் கழித்துவிட்டால் போதும். பிறகு தன்பாட்டுக்கு வளரும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று நடுச்சாமத்தில் எழுந்து உட்கார வைக்காது. களை வெட்ட ஆள் தேடி வீடு வீடாக அலைய விடாது. அறுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கடலைக்காய் மாதிரி மண்ணுக்குள்ளேயே முளைத்துப் போகாது. விலை சரியில்லையா, இன்னும் ஒரு வருசம் நிற்கும். தக்காளியைக் கொட்டுவது போல யாரும் மலைவேம்பை ரோட்டோரம் கொட்டிப் பார்த்ததில்லை. தைலமரமும் சவுக்கும் குணத்தில் இதற்குப் பக்கத்துச் சொந்தங்கள்தான்.

இதில் ஒரு சொல்லும் மிகையில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் வெள்ளாமையை விட்டு மரத்துக்கு மாறிய எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். நானும் மனசாரச் சொல்கிறேன்.

மரத்தைப் புகழ்ந்தால் அதை வளர்த்துக் கொடுத்தவர்களையும் புகழ வேண்டும். கோயம்புத்தூர் பயிர் ஆராய்ச்சிக்குப் பேர்போன ஊர். 1912-இல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பிறந்த 'கோ' ரகங்கள் நாடு முழுக்கப் போயின. அதே ஊரில் 1988-இல் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் வந்தது. மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. தைலமரத்திலும் சவுக்கிலும் நேராக, வேகமாக வளரும் தாய்மரங்களைத் தேடிப் பிடித்து, நுனித் துண்டுகளை வேர்விட வைத்து, ஒரே அச்சில் வார்த்த மாதிரி கன்றுகளை எடுத்தார்கள். யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கும் ஆலைகளையும் விவசாயிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்து வழி பார்த்தார்கள். இவ்வளவு திறமையான வேலை சின்ன வெங்காயத்துக்கோ மஞ்சளுக்கோ நடந்திருந்தால், வாங்குகிறவரையும் விவசாயியையும் நடவுக்கு முன்பே இப்படி உட்கார வைத்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

1988-இன் தேசிய வனக் கொள்கையும் பாராட்டுக்குரியதுதான். ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்துக்கு அரசின் காடுகளை நம்பியிருக்கக் கூடாது, வளர்த்துக் கொடுக்கக்கூடியவர்களோடு நேரடியாக உறவு வைத்து மரத்தைப் பெற வேண்டும் என்று அது சொன்னது. பவானிக்கரையில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலை நீலகிரியின் தைலமரத்தை அரைத்த காலத்தையும், அதன் கழிவு ஆற்றுக்குச் செய்ததையும் பார்த்தவர்கள் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். காடு தப்பித்தது. பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை, கரூர்ப் பக்கம் புகளூரில் அரசின் செய்தித்தாள் காகித ஆலை, இரண்டும் விவசாயிகளிடம் மரம் வளர்க்கச் சொல்லி வந்தன. ஆலைக்கு வேண்டிய காடு இன்றைக்கு விவசாயியின் பட்டாவில் நிற்கிறது. அந்த நிலத்துக்குக் குத்தகை இல்லை. நாலைந்து வருசம் வருமானமில்லாமல் காத்திருப்பது விவசாயி. நடுவில் மகளுக்குக் கல்யாணம் வந்தால் கடன் வாங்குவதும் அவர்தான். காகிதத்தின் விலையில் இந்தக் காத்திருப்புக்கு எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மரத்தின் ஆகப் பெரிய குணத்துக்கு இப்போதுதான் வருகிறேன். அது ரோட்டுக்கு வராது.

இந்த மண்ணின் விவசாயி ரோட்டுக்கு வந்தவர். மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகள் மீது 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டது. மூன்று பேர் இறந்தார்கள். 1972-இல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் கோவை நகரத்துக்குள் மாட்டு வண்டிகள் வரிசை கட்டி நுழைந்தன, நகரம் அசையவில்லை. அந்த வருசப் போராட்டத்திலும் உயிர்கள் போயின. ஜூலை 5-ஐ விவசாய சங்கங்கள் இன்றைக்கும் தியாகிகள் நாளாக அனுசரிக்கின்றன. இலவச மின்சாரம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல, இந்த ஊர்க்காரர்கள் ரத்தம் சிந்தி வாங்கியது. பருத்திக்கு விலை, கரும்புக்குப் பாக்கி, கடன் வட்டி, மஞ்சளுக்கு மார்க்கெட் என்று ஏதாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டேதான் கொங்கு விவசாயி இருந்தார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்காத எந்த ஆட்சிக்கும் மலைவேம்புத் தோப்பு நிம்மதியான இடம். அதற்கு ஆதார விலை அறிவிக்க வேண்டியதில்லை, கொள்முதல் நிலையம் திறக்க வேண்டியதில்லை, பயிர்க் காப்பீட்டு இழப்பைக் கணக்கெடுக்க அதிகாரியை அனுப்ப வேண்டியதில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் மரத்துக்குக் கோரிக்கை மனு கிடையாது.

அன்னூருக்கு வடக்கே எனக்குத் தெரிந்த நாலு ஏக்கர் தோட்டம் ஒன்று இருக்கிறது. மஞ்சள், கடலைக்காய், சின்ன வெங்காயம் என்று மாறி மாறி விளைந்த மண். இப்போது வரப்பிலிருந்து வரப்பு வரை மலைவேம்பு. கிணற்று மேட்டில் வெங்காயப் பட்டறையின் மூங்கில் பட்டைகள் பாதி மக்கிக் கிடக்கின்றன. பாத்தி கட்டிய மேடுபள்ளம் சருகுக்கு அடியில் இன்னும் காலில் தட்டுப்படுகிறது. எதற்காக மாறினீர்கள் என்று தோட்டக்காரரைக் கேட்டேன்.

"பையன் பெங்களூர்ல இருக்கறான், கண்ணு. எனக்கு எழுவது தாண்டிருச்சு. ஆளுகளும் வர்றதில்ல. சும்மா போட்டா ஊரு சிரிக்கும். மரம் வெச்சுட்டா யாரும் ஒண்ணுஞ் சொல்றதில்ல."

மலைவேம்பின் சிறப்பைப் பற்றி நான் கேட்டதிலேயே ஆழமான பாராட்டு இதுதான். தோற்றுப்போன பண்ணையத்துக்கு மேல் அது ஒரு மரியாதையான போர்வையைப் போர்த்தி விடுகிறது.

அந்தத் தோட்டத்தில் பல வருசம் வேலை பார்த்த அம்மா ஒருவர் அதே ஊர்க் காலனியில் இருக்கிறார். "நட, களவெட்டு, வெங்காயம் புடுங்கறது, தாள் அறுக்கறதுன்னு வருசத்துல பாதி நாளு அங்கயே கெடப்போமுங்க. இப்ப வேலிக்குள்ள காலு வெச்சே எத்தன காலமாச்சுங்க" என்றார். அவருடைய மருமகள் விடியும் முன்பே கம்பெனி வேனில் ஏறித் திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போகிறாள். ஆள் வரவில்லை என்று தோட்டக்காரர் சொல்வதும் உண்மை, வேலை இல்லை என்று இந்த அம்மா சொல்வதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கூலி. அந்தக் கூலியைக் கொடுக்கும் விலை வெங்காயத்துக்குக் கிடைக்கவில்லை. மரம் அந்தப் பேச்சையே முடித்து வைத்துவிட்டது. வேலியோரம் அவர் அறுத்துக்கொண்டு போன புல்லும், கேட்காமலே கிடைத்த கடலைக்கொடியும், வீட்டில் கட்டியிருந்த ஒரு மாடும் அதோடு போய்விட்டன.

மிருகங்களோடும் மரத்துக்குச் சண்டை இல்லை. காரமடை, தொண்டாமுத்தூர், மதுக்கரைப் பக்கம் மக்காச்சோளம் போட்டால் பன்றி வரும், வாழை வைத்தால் யானை வரும், எது விதைத்தாலும் மயில் கிளறும். ராத்திரி முழுக்கப் பரண் மேல் உட்கார்ந்து பட்டாசு வெடித்த விவசாயி தைலமரம் வைத்தபின் நிம்மதியாகத் தூங்குகிறார். தைலமரத்து இலையை ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பயிர்ச்சேத இழப்பீட்டுக்கு வனத்துறை அலுவலகத்தில் காத்திருந்தவர்களின் வரிசை இப்படிக் குறைந்தால் அதுவும் ஒரு தீர்வு என்று கோப்பில் ஏறிவிடும்.

இதையெல்லாம் மேலே இருந்து பார்க்கிறவர்களுக்கும் மகிழ்ச்சிதான். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்புள்ள இடத்தில் மரக்கவிகை பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது வனப்பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி இல்லை. நீலகிரியின் சோலையும் அன்னூரின் தைலமரத் தோப்பும் அந்தப் படத்தில் ஒரே பச்சை. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம், வெயில் ஏறிக்கொண்டே போகும் காலத்தில் அவசரமான நோக்கம். ஆனால் வெங்காயத்தில் தோற்று மரத்துக்குப் போன நாலு ஏக்கர் அந்தக் கணக்கில் சாதனையாகச் சேர்கிறது என்பதுதான் என்னைத் தூங்க விடுவதில்லை.

தண்ணீர்க் கதை இன்னும் நோகிறது. அத்திக்கடவு–அவினாசித் திட்டத்துக்காக மூன்று தலைமுறை கேட்டுக்கொண்டிருந்தது. 1,916 கோடி ரூபாயில், 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டமாக 2024 ஆகஸ்ட் 17 அன்று அது திறக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் எடுத்த தண்ணீர் அன்னூர், அவினாசிக் குளங்களுக்கு வந்தபோது அழுத பெரியவர்கள் உண்டு. ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டு, அது புகைந்து போனதால் வெள்ளாமையை விட்டவர்கள் அவர்கள். தண்ணீர் திரும்பி வரும்போது அந்த நிலங்கள் பலவற்றில் மரம் நிற்கிறது. வெட்டினாலும் தைலமரம் மறுதாம்பில் துளிர்க்கும். வேரோடு எடுத்துப் பழையபடி பாத்தி கட்டுவதென்றால் ஜேசிபி வேண்டும். அதன் மணி வாடகையைத் தர எந்தத் திட்டமும் முன்வரவில்லை.

மரம் வேண்டாம் என்று சொல்லும் ஊர் இதுவல்ல. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் போனால் கொறங்காடு இருக்கிறது. கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், மேய்ந்து நிற்கும் காங்கேயம் மாடு. மழை குறைந்த மண்ணில் மரமும் மாடும் மனுசனும் சேர்ந்து பிழைக்க நம் ஆட்கள் தாங்களே கண்ட ஏற்பாடு அது. வரப்பில் வேம்பும் பனையும், கிணற்றடியில் பூவரசும் நின்றபோது நடுவில் சோளமும் நின்றது. மரம் வெள்ளாமைக்குத் துணையாக இருந்தது. வெள்ளாமையின் இடத்தில் வந்து உட்கார்ந்ததில்லை.

வேளாண் துறையின் வேளாண் காடுகள் திட்டத்தில் வரப்பில் வைக்க ஏக்கருக்கு 50 கன்று, நிலம் முழுக்க வைக்க 160 கன்று என்று இலவசமாகக் கொடுக்கிறார்கள். வரப்புக்குக் கொடுப்பதைக் கூட்டட்டும். நிலம் முழுக்க வைக்கக் கேட்டு வருகிறவரிடம் விண்ணப்பத்தில் இன்னும் இரண்டு கட்டம் சேர்க்கட்டும்: கடந்த ஐந்து வருசம் அங்கே என்ன வெள்ளாமை, எதனால் விட்டீர்கள். முதல் கேள்விக்குப் பதில் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் வருசா வருசம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டாவதை விவசாயி சொல்வார். தண்ணீரா, விலையா, கூலியா, பன்றியா என்று ஊர்வாரியாகப் பிரித்து, நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே வேளாண் நிதிநிலை அறிக்கையில் அச்சிடட்டும்.