காமெட்டில் ஒரு சுற்று

கேள்வி: எம்.ஜி. காமெட் மின்சாரக் காரை ஓட்டிப் பார்த்தீர்களாமே, எப்படி இருக்கிறது? வாங்கலாமா?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: நீளம் மூன்று மீட்டருக்கும் குறைவு. டாடா நானோவே இதற்கு அண்ணன். ஆனால் முன்சீட்டில் உட்கார்ந்தால் தலையும் இடிக்கவில்லை, முழங்காலும் இடிக்கவில்லை. கியர் கிடையாது, நடுவில் உள்ள வட்டக் குமிழைத் திருப்பி 'டி'யில் வைத்தால் போதும். சத்தமே இல்லாததால், குறுக்கே நின்ற மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆட்டோக்காரரை முந்தியபோது, அவர் பார்த்த பார்வைக்கே காசு கொடுக்கலாம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து, கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்புகிறது. கொடுத்த கடன் தானாகத் திரும்பி வருவதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கதவு இரண்டுதான். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை நகர்த்தி, உடம்பை மடக்கி நுழைய வேண்டும். மாமியாரை எங்கே உட்காரவைப்பது என்பது உங்கள் தைரியத்தைப் பொறுத்தது. நாலு பேர் ஏறினால் பெட்டிக்கு இடமில்லை. 17.3 கிலோவாட் மணி பேட்டரிக்குக் கம்பெனி சொல்வது 230 கிலோமீட்டர், ஏ.சி.யும் நம்மூர் வெயிலும் அதில் பங்கு கேட்கும். ஆபீஸ், பள்ளிக்கூடம், மார்க்கெட்டுக்குத் தாராளம். திருப்பதிக்கு ரயில் இருக்கிறது.

முழு சார்ஜுக்குச் சுமார் 7 மணி நேரம். அடுக்குமாடிவாசி என்றால், பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் கேட்டு அசோசியேஷன் செயலாளரை முதலில் டெஸ்ட் டிரைவ் செய்யுங்கள். அவர் ஸ்டார்ட் ஆனால் காரை வாங்கலாம்!