மலையேறிய கத்தரிக்காய்

வீட்டுச் சமையல் கற்க வேண்டுமா? முதலில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இந்த உண்மையை உணர்ந்த ஊர் குமுளி. தேக்கடிக்கு வருகிறவர்களுக்கு யானை, படகு, சமையல் வகுப்பு எல்லாம் இங்கே உண்டு.

நம் கம்பத்து நண்பரையே பாருங்கள். அம்மாவின் அடுப்படியை எட்டிப் பார்க்காதவர், இங்கே காசு கட்டித் தேங்காய் துருவுகிறார். கம்பம் சந்தையில் அவர் முகம் சுளித்த அதே கத்தரிக்காய்தான், லோயர் கேம்ப்பில் மலையேறி, சோதனைச் சாவடி தாண்டியதும் அமிர்தமாகிவிட்டது. உயரம் கூடினால் ருசி கூடத்தானே வேண்டும்!

ஏலக்காயிலும் ஆள் கறார். புற்றடியிலும் போடியிலும் ஏலத்தில் 8 மி.மீ. பருமன் காய்க்குத் தனி மவுசு என்று கேள்விப்பட்டதிலிருந்து, டீக்கு ஒன்றைத் தட்டுமுன் மகளின் ஸ்கேலை எடுத்து அளக்கிறார். 7 மி.மீ. தேறினால் மாமனாருக்கு. அதற்கும் குறைந்தது சாமி பாயசத்துக்கு. சாமி ஸ்கேல் வைத்துக்கொள்வதில்லை.

ஊர் திரும்பியவர் புதிதாகக் கற்ற குழம்பை அம்மாவுக்குப் பரிமாற ஓடினார். அடுப்படி வாசலில் செருப்புகள். உள்ளே, குமுளியில் அவருக்குப் பாடம் எடுத்த சேச்சி, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

“முன்பணம் கட்டிட்டாங்கப்பா, நீ சத்தம் போடாம வெளிய இரு” என்றார் அம்மா.