டிரம்மு தம்பி: போத்திச்செல்லி என்னும் குடும்பப் பெயர் குறித்துக் கத்திவாக்கம் நோக்கில் ஓர் ஆய்வு

ஃபிளாரன்ஸ் ஓவியர் சாண்ட்ரோ போத்திச்செல்லிக்கு (சுமார் 1445–1510) அந்தப் பெயர் அப்பா வழியில் வந்ததன்று. அப்பா மரியானோ ஃபிலிபேப்பி, தோல் பதனிடுபவர். அண்ணன் ஜொவான்னியை ஊரார் ‘சின்னப் பீப்பாய்’ என்று அழைக்க, அது தம்பிமேலும் ஒட்டிக்கொண்டது. அவர் தீட்டிய ‘வீனஸின் பிறப்பு’ இன்றளவும் பீப்பாய்க் கணக்கில்தான் இருக்கிறது.

மேலை அறிஞர்கள் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வடசென்னைக் கத்திவாக்கத்தாருக்கு விளக்கமே தேவையில்லை. அங்கே நெட்டுக்குப்பத்தில் இறங்கி, “மணி வீடு எதுங்க?” என்று கேட்டால், வலைக் கிழிசலைக் கோத்துக்கொண்டிருப்பவர் தலை நிமிராமலே கேட்பார்: “எந்த மணிப்பா? டிரம்மு தம்பியா, சோடாபுட்டி மச்சானா?”

ஆகவே நம் கருதுகோள்: ஒரே பெயரில் இருவர் ஓரிடத்தில் சேர்ந்தால் பட்டப்பெயர் பிறந்தே தீரும். சான்று, 1420-களில் ஃபிளாரன்ஸின் பிரான்காச்சி சிற்றாலயம். அங்கே சுவரோவியம் தீட்டிய இருவருக்குமே பெயர் தொம்மாசோ. ஒருவர் மசோலினோ ஆனார், அதாவது குட்டித் தொம்மாசோ. மற்றவர் மசாச்சோ, முரட்டுத் தொம்மாசோ. இதில் ‘குட்டி’தான் வயதில் மிக மூத்தவர். பட்டப்பெயர் வைப்பவர்கள் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை.

நம் பக்கத்திலும் விகடன் இதழில் ஓவியர் மாலி, சக ஓவியர் கோபாலனைக் கோபுலு ஆக்கினார். ஸ்ரீநிவாசனைச் சில்பி ஆக்கினார். ஆனால் அது ஆபீஸ் வைத்த பெயர். தெரு வைத்ததன்று என்பதால் இரண்டாந்தரச் சான்றாகவே கொள்ளப்படுகிறது.

கருதுகோளுக்கு ஒரே முட்டுக்கட்டை பாஸ்போர்ட் படிவம். அதில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. நம் மணி அதில் அப்பா பெயரை எழுதிவைப்பார். பிறகு சிங்கப்பூர் ஏர்போர்ட்டில் “மிஸ்டர் ஆறுமுகம்” என்று கூப்பிட்டால், அப்பா எப்போது வந்தார் என்று திரும்பிப் பார்ப்பார். போத்திச்செல்லிக்கும் இதே கதிதான். அக்கால ஆவணங்கள் பலவற்றில் அவர் ‘சாண்ட்ரோ தி மரியானோ’, அதாவது மரியானோ மகன் சாண்ட்ரோ. நம்மூர்க் கணக்கில் ம. சாண்ட்ரோ. பீப்பாயை அரசாங்கத்திடம் அதிகம் காட்டாமல் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே உருட்டியிருக்கிறார்கள்.

மேலும் ஆராய வேண்டியது, அண்ணன் இளைத்துவிட்டால் பெயர் காலாவதியாகுமா என்பது. குப்பத்தார் கருத்து இதில் உறுதியானது. டிரம்முக்குச் சர்க்கரை வந்து ஆளே பாதியானாலும், பேத்தி காலேஜுக்குப் போகும்போது டிரம்மு வீட்டுப் பொண்ணுதான்.